சனிக்கிழமைச் சாப்பாடு

"இஞ்ச பாருங்கோ, திரும்பவும் அவவின்ர படம்!"

பிரியாந்தினி பத்திரிகையைக் கணவனின் தேநீர்க் கோப்பைக்கருகே எறிந்தாள். பாடசாலைப் பிள்ளைகளின் நடுவே, கையில் கண்ணாடித் தட்டுடன் கலாநிதி றிப்தா சிரித்துக்கொண்டிருந்தாள். 'தோல் வளர்க்கும் பொறியியலாளர்' என்பது தலைப்பு.

"படம் வடிவா விழுந்திருக்கு," என்றான் சேந்தன்.

"விழும். தோலை வளர்க்கிறது நான், படத்தில விழுறது அவ."

அதில் பாதி உண்மை; மீதி பொறாமை. இருவரும் ஒரே ஆண்டில் உயிர்மருத்துவப் பொறியியல் முடித்தவர்கள். கண்டியில் ஒரே ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர்கள். தீக்காயத்தின்மேல் போர்த்தக்கூடிய தோலை மனித உயிரணுக்களிலிருந்து வளர்க்கும் முறையை வகுத்தவள் றிப்தா. அந்த உயிரணுக்களுக்கு நாள்தோறும் காலையில் புதிய ஊட்டக் கரைசல் ஊற்ற வேண்டும். ஆய்வுகூடத்தில் அதற்குச் 'சாப்பாடு' என்று பெயர். ஒரு நாள் பட்டினி போட்டால் ஆறு மாத உழைப்பு செத்துப்போகும். சனிக்கிழமைகளில் றிப்தா தேயிலைத் தோட்டப் பாடசாலைகளுக்கு விஞ்ஞானம் சொல்லப் போய்விடுவாள். சாப்பாடு பிரியாந்தினியின் பொறுப்பு.

"பணிப்பாளருக்குக் கடிதம் எழுதிப்போட்டன். 'கடமையை விட்டுவிட்டு விளம்பரத்துக்கு அலைகிறார்' எண்டு."

"சாட்சி?"

"இண்டைக்கு ஹேவாஹெட்டத் தோட்டப் பள்ளிக்கூடத்தில பேசுறாவாம். போய் ஃபோனில பதிஞ்சுகொண்டு வாறன். என்ர பேரை ஒருக்காலாவது சொல்லுறாவோ பாப்பம்."

"அப்ப இண்டைக்கு அதுகளுக்குச் சாப்பாடு?"

"கிடக்கட்டும். செத்தால் கெடுறது அவவின்ர பேர்தானே."

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறி அவள் போய்ச் சேர்ந்தபோது பேச்சு தொடங்கியிருந்தது. பின்வரிசைக் கதிரையில் அமர்ந்து கைப்பேசியை உயர்த்திப் பிடித்தாள்.

"மிஸ், அந்தத் தோல் கறுப்பா, வெள்ளையா?" என்று ஒரு பையன் கேட்டான்.

"தட்டுல ஈக்கிறப்ப எல்லார்ட தோலும் ஒரே மாதிரித்தான் மகன். வெளிய வந்தாத்தான் சண்டை," என்றாள் றிப்தா. மண்டபம் சிரித்தது.

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். "இதெல்லாம் நீங்க ஒத்தையா செஞ்சீங்களா மிஸ்?"

"நானா? நான் வழி சொன்ன ஆள். அது உசிரோட ஈக்கிறது பிரியாந்தினி மிஸ்ஸால. பத்திரிகைக்காரங்களுக்கும் அதத்தான் சொன்னேன், இடமில்லன்னு வெட்டிட்டாங்க. ஒரு சனிக்கிழமகூட அதுகளுக்குச் சாப்பாடு குடுக்க அவங்க தவறினதில்ல. அந்த நம்பிக்கையிலதான் நான் பஸ் ஏறி இங்க வாறேன்."

கைப்பேசி பிரியாந்தினியின் மடிக்கு இறங்கியது. அந்த அசைவு றிப்தாவின் கண்ணில் பட்டது.

"யா அல்லாஹ், இவங்களேதான்! எழும்புங்க புள்ளைகள், கை தட்டுங்க!"

இருநூறு பிள்ளைகள் எழுந்து தட்டினார்கள். ஓசை அடங்கியதும், அதே சிறுமி பின்பக்கம் திரும்பி மிகுந்த மரியாதையுடன் கேட்டாள்:

"மிஸ், அதுங்களுக்கு இன்னைக்குச் சாப்பாடு குடுத்துட்டா வந்தீங்க?"

பிரியாந்தினி றிப்தாவைப் பார்த்தாள். அந்த முகத்தில் சந்தேகத்தின் சாயல்கூட இல்லை.

"ஓம்," என்றாள்.

மடியிலிருந்த கைப்பேசி அதையும் பதிவு செய்துகொண்டது.