ஏழாம் கூண்டு

மொன்டானா ஆய்வுக்கூடத்தில் ஏழு கூண்டுகளில் பிறந்த எலிகளுக்கும் ஒரே நாளில் ஃப்ளூ கிருமியை மூக்கில் சொட்டுவிட்டிருந்தார்கள். ஆறு கூண்டுகளில் எல்லாம் செத்தன. ஏழாம் கூண்டில் ஒன்றுகூடச் சாகவில்லை.

"எல்லாம் ஒரே வம்சம், ஒரே கிருமி. இதுங்களுக்கு மட்டும் வெறும் தண்ணி விட்டீங்களா, ஆர்வில்?" என்று கேட்டாள் டாக்டர் லோர்னா.

எலிகளைப் பராமரிக்கும் ஆர்வில் தரையைப் பார்த்தார். "இல்ல டாக்டர்."

அவர் எலிகளிடம் கொஞ்சிப் பேசுவதை அவள் கேட்டிருக்கிறாள். அதனால் நம்பவில்லை. ஒவ்வொரு கூண்டிலும் பிறந்தவற்றில் சிலவற்றை முதலிலேயே கிருமி கொடுக்காமல் தனியே வைத்திருந்தாள். அவற்றுக்குத் தன் கையாலேயே சொட்டுவிட்டு, அறையைப் பூட்டி, பத்து நாள் தீனியும் தானே போட்டாள். மறுபடியும் ஏழாம் கூண்டு எலிகள் மட்டும் பிழைத்தன.

"உங்ககிட்ட இன்னொரு சாவி இருக்கா? எலிகளை மாத்தி வச்சீங்களா?"

"மாத்தல டாக்டர். அதுங்க அப்பன்தான் வேற." ஆர்வில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஜனவரி குளிர்ல சுவர் ஓட்டை வழியா ஒரு வீட்டெலி வந்துச்சு. ஏழாம் கூண்டு மூடியைச் சரியா போடாதது நான்தான். காலையில பார்த்தா உள்ள பெண் எலியோட இருக்கு. குட்டிங்களும் நம்ம கூண்டெலி மாதிரியே பழுப்பா பிறந்துச்சா, யாருக்கும் வித்தியாசம் தெரியல. வேலை போயிடும்னு நானும் வாய மூடிட்டேன்."

லோர்னா ஏழாம் கூண்டின் பக்கம் திரும்பினாள். தலைமுறை தலைமுறையாக உடன்பிறப்புகளையே சேர்த்து வளர்த்ததில் கூண்டெலிகள் ஃப்ளூவைத் தாங்கும் ஏதோ ஒன்றை இழந்திருந்தன. வெளியே திரியும் எலியிடம் அது இருந்தது. ஒன்பது வருடமாக அவள் தேடியது அதைத்தான்.

"ஓட்டையை அடைச்சிட்டீங்களா?"

"அன்னைக்கே."

"திறந்துடுங்க. போய்ப் பொறி வாங்கிட்டு வாங்க, உயிரோட பிடிக்கிற பொறியா."