கணுக்கால் தண்ணீர்

"சார், இது கடல்தான்," என்றாள் துருவக் கடலின் பனிக்கட்டி வரைபடம் தயாரிப்பவள், திரையிலிருந்த செயற்கைக்கோள் படத்தில் கறுத்துக் கிடந்த துண்டைக் காட்டி.

"வெயில் ஏறிட்டா பனிக்கட்டி மேல உருகின தண்ணி தேங்கும்மா. செயற்கைக்கோள் கண்ணுக்கு அதுவும் கடல்தான். போன வருஷம் பட்டது போதாதா?" என்றார் அதிகாரி.

போன வருஷம் இதேபோல 'கடல்' என்று எழுதிவிட்டாள். அலறியடித்துக்கொண்டு விமானம் போய், பனிக்கட்டி மேல் முகாமிட்டிருந்த பன்னிரண்டு பேரையும் அள்ளி வந்தது. அங்கே கிடந்தது கணுக்கால் தண்ணீர். அடியில் பாறை மாதிரி பனிக்கட்டி. அலுவலகமே சிரித்து, 'பயந்தாங்கொள்ளி' என்று பட்டப்பெயரும் வைத்தது.

"கடல்னே எழுது, நான் வேண்டாங்கலை. ஆனா நாலு பேர் என்ன பேசுவாங்கன்னு உனக்கே தெரியும்."

சுருக்கென்று தைத்தது. 'பனிக்கட்டி உறுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, இந்த வருஷமும் அங்கே போட்டிருந்த முகாமுக்கு அனுப்பினாள்.

மூன்றாம் நாள் மதியம், முகாமிலிருந்து அவளுக்கு வந்த கடைசிச் செய்தியை மேசையில் வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் நின்றார் அதிகாரி.

"காலுக்கடியில விரிசல் சத்தம் கேக்குது, கிளம்பிடலாம்னு எல்லாரும் குதிச்சாங்க. போன வருஷம் எனக்காக அவ்வளவு பயந்த என் பொண்டாட்டியே இப்போ கையெழுத்துப் போட்டிருக்கா, அப்புறம் என்னய்யா பயம்னு நான்தான் உக்கார வெச்சிருக்கேன்."