அஞ்சு

கை கோர்த்தாயிற்று.

வலப்பக்கம் இஷானி. இந்த கேம்ப் தொடங்கியதிலிருந்து அவள் கையை இஷானி விரல் நுனியால்தான் தொட்டிருக்கிறாள், ஈரத்துணியைக் கொடியிலிருந்து எடுப்பதுபோல. இன்று முழுக் கையையும் பிடித்திருக்கிறாள்.

நேற்றும் இஷானி அப்படித்தான் பிடித்தாள். அவள், பைத்தியக்காரி, உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள்.

வெளியே சென்னையின் கத்திரி வெயில். உள்ளே ஏசியில் பல் கிட்டுகிறது. சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில் நான்கு பெண்கள், நான்கு இறுக்கிய கொண்டைகள், குறுக்காகப் பின்னிய கைகள்.

பாலே கேம்ப் முடியும் நாளில் மேடையில் நால்வர் ஆட்டம் இருக்கிறது. மூன்று பேர் முதல் வாரமே முடிவாகிவிட்டார்கள். நான்காவது ஆள் அவளா, சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் வியானாவா என்பது இன்று தெரிந்துவிடும். வியானா, இஷானியின் உயிர்த்தோழி.

"இன்னொரு தடவை முந்தினா வியானா வந்துடுவா" என்று மாரியன் மிஸ் நேற்றே சொல்லியாயிற்று.

முந்துவது. அதுதான் அவள் குற்றம்.

முதல் நாள் மிஸ், "ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்" என்றார். ஃபைவ் என்றதும் அவள் கால் விழுந்துவிட்டது. வேறென்ன செய்யும்? விருதுநகரில், பால்பல் விழுவதற்கு முன்பிருந்தே பரதம். அங்கே தாளம் போடும் தட்டுக்கழி விழுந்தால் கால் விழ வேண்டும். இங்கே ஐந்திலிருந்து எட்டுவரை சும்மா நிற்க வேண்டுமாம். அதற்குப் பிறகுதான் ஒன்றாம். யாரும் சொல்லவில்லை.

எல்லோரும் நிற்க, அவள் ஒருத்தி மட்டும் தொம் தொம்மென்று மரத்தரையை மிதித்துக்கொண்டு நடு ஹாலுக்குப் போய்விட்டாள்.

சிரித்தார்கள். சிரிக்கட்டும். சிரித்து முடித்ததும் இஷானி பெயர் வைத்தாள்.

அஞ்சு.

ஏய் அஞ்சு, தள்ளி நில்லு. அஞ்சு, மெதுவா குதி, கீழ் வீட்டுல சீலிங் விழுந்துடும்.

அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

அந்தச் சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு, பயப்படு என்று. இவர்களுக்கு எங்கே தெரியும்? பள்ளியில் பிரெஞ்சு எடுத்துத் தமிழிடமிருந்து தப்பித்த கூட்டம்.

நேற்று, மிஸ் ஃபைவ் என்ற நொடியில், வலக்கையில் ஓர் இழுப்பு. வெடுக்கென்று முன்பக்கமாக. பின்னிய கைகளுக்குள் நடந்தது கண்ணாடியில் தெரியவில்லை. அவள் கால் மட்டும் தெரிந்தது, தனியாக முன்னால்.

மிஸ் பெருமூச்சு விட்டார். இஷானி உதட்டைக் கடித்துக்கொண்டு தலை குனிந்தாள். பார்ப்பவர்களுக்கு அது இரக்கம்.

மிஸ்ஸிடம் சொல்லியிருக்கலாம். நம்பமாட்டார். முந்துகிறவள் என்று பெயரே ஆகிவிட்டது.

தங்கியிருக்கும் சித்தி வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுகை நின்றபின் இஷானியை வெறுத்தாள், நிதானமாக, முழு மனதோடு. அழுததைவிட அது நன்றாக இருந்தது.

பியானோக்காரர் விரல்களைத் தூக்கினார்.

தரையில் ஒட்டிய வெள்ளை டேப்புக்குப் பின்னால் நால்வரும் நுனிக்காலில் எழும்பினார்கள்.

"ஃபைவ்..."

அவள் குதிகால்களை இறக்கினாள். முழங்காலை மடக்கி, இடுப்பைக் கீழே விட்டாள். அரைமண்டி. கழியால் அடி வாங்கி வாங்கி உட்கார்ந்த அரைமண்டி. இங்கே அதற்குப் ப்ளியே என்று பெயர். மிஸ் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும்.

வந்தது இழுப்பு.

அவள் அசையவில்லை.

ஆட்டுக்கல்லை இழுத்தால் ஆட்டுக்கல்லா வரும்? நுனிக்காலில் நின்ற இஷானி, இழுத்த வேகத்தில் தானே தள்ளாடி, தொம்மென்று ஒரு காலை முன்னால் ஊன்றினாள்.

பியானோ நின்றது.

"யாரது?"

பழக்க தோஷம், எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். வியானா எழுந்தே விட்டாள். குனிந்து ரிப்பனை இறுக்கிக் கட்டத் தொடங்கினாள். இஷானியும் அவளைத்தான் பார்த்தாள், நேற்றைய அதே இரக்கத்தோடு.

மிஸ் முகங்களைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

டேப்புக்கு முன்னால் ஒரே ஒரு கால் இருந்தது.

அது அவளுடையது அல்ல.

இஷானி மெல்லக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

மிஸ் திரும்பி வியானாவைப் பார்த்தார். "உட்காராத. அங்கேயே நில்லு." பிறகு நால்வரையும் பார்த்தார். "மறுபடியும். இப்ப யார் முந்தினாலும் வெளியே. யாரா இருந்தாலும்."

கை கோர்க்க வேண்டும்.

இஷானி விரல் நுனியை மட்டும் நீட்டினாள்.

அவள் முழுக் கையையும் பிடித்துக்கொண்டாள். நன்றாக, வலிக்கிற மாதிரி. இஷானி கையை உருவப் பார்த்தாள்.

பியானோக்காரர் விரல்களைத் தூக்கினார்.

கண்ணாடிக்குள் இருந்த இஷானியைப் பார்த்து, கேம்புக்கு வந்த பிறகு முதல்முறையாக அவள் சிரித்தாள்.

"அஞ்சு" என்றாள், மெதுவாக.