தண்ணீரோடு ஒரு சவாரி

வாய்க்காலில் தண்ணீர் திறந்த காலையில், ஓடிவரும் தண்ணீரின் முனையோடு சேர்ந்து சரளைக் கரையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தேன். இருபுறமும் திராட்சைப் பந்தல்கள். சருகுகளையும் ஒற்றைச் செருப்பையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் ஆள் நடக்கும் வேகத்தில்தான் வந்தது. அது தெய்வேந்திரன் தோட்டத்துக்குள் நுழையும்போது, அவனைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா இல்லையா என்று சொல்வதாக அவனிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். பதில் வழியில் கிடைத்துவிடும் என்று நம்பினேன். ஒருவேளை அது நம்பிக்கையே இல்லையோ என்னவோ. அத்தனை மெதுவாக ஓட்டினால் சரளையில் சைக்கிள் நிற்காது, முன்சக்கரம் ஆடியது. வேகமாக மிதித்தால் தண்ணீரை முந்திவிடுவேன்.

பந்தலடியில் குலை வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள். "ஏத்தா, தண்ணிக்குக் காவலா போற?"

"ஆமாக்கா."

"அது எங்கயும் ஓடிராது. நீ ஓடிராம இருந்தாச் சரி."

தெய்வேந்திரன் தன் தோட்டத்து மடையைத் திறந்துவைத்து, மண்வெட்டியோடு நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் கொடிகளில் இலைகள் சுருண்டு கிடந்தன. தண்ணீர் மடையருகே வந்து, உள்ளே திரும்பவிருந்தது.

"வந்துருச்சு. சொல்லு" என்றான்.

"இன்னும் உள்ள போகலையே."

அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு மண்ணை வெட்டிப் போட்டு மடையை அடைக்கத் தொடங்கினான். நான் சைக்கிளிலிருந்து இறங்காமல் ஒரு காலை ஊன்றி நின்றேன். தண்ணீர் எங்களைத் தாண்டி அடுத்த தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.