அழுமூஞ்சிப் படம்

"என்னை அழுமூஞ்சியா வரைங்க ஐயா. பார்த்தாலே கொட்டாவி வரணும்," என்றான் அரண்மனைக் கோமாளி பெலாயோ.

ஓவியர் எஸ்தேபன் தூரிகையை நிறுத்தினார். "மத்த கோமாளிங்க பல்லைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்தானுங்க. உனக்கு என்னடா வந்துச்சு?"

"இளவரசி கல்யாணமாகி வியன்னாவுக்குப் போறாங்க. எங்க படங்களைப் பார்த்து, கூட்டிட்டுப் போக ஒருத்தனைத் தேர்ந்தெடுப்பாங்களாம். என் பொண்டாட்டி பிரிஸ்கா நிறைமாசம். அங்க போனவன் எவன் ஐயா திரும்பி வந்தான்?"

எஸ்தேபன் கறுப்பு வண்ணத்தைக் குழைத்தார். பெலாயோ பிரிஸ்காவை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முகம் தானாகவே வாடியது.

மறுவாரம் மாட்ரிட் அரண்மனைக் கூடத்தில் ஐந்து படங்களைச் சாய்த்து வைத்தார்கள். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் அதற்குரிய கோமாளி நின்றான். நான்கு படங்கள் சிரித்தன.

பதினான்கு வயது இளவரசி மெல்ல நடந்து வந்தாள். பெலாயோவின் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடந்து போனாள். அவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கடைசிப் படம்வரை போனவள் திரும்பி வந்து அவன் படத்தின் முன் நின்றாள்.

"இவன் வேண்டாம்மா. வழி முழுக்க ஒப்பாரி வைப்பான்," என்றாள் தாதி.

"நான் போறேன்னு இந்த அரண்மனையே சிரிக்குது. அழறது நானும் இவனும்தான்," என்றாள் இளவரசி. "இவனே என்கூட வரட்டும்."

பெலாயோ அவசரமாகப் பல்லை இளித்துக் காட்டினான். அவள் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.