மூன்று வேலை

ஆதிமூலம் இளம் வயதில் எழுதிய கனவூர்க் கதையை வைத்துத்தான் இந்த ஊரைக் கட்டினார்கள். அதன் வரிகள்தான் இங்கே சட்டம். ‘எல்லோருக்கும் மூன்று வேலை சோறு நிச்சயம்’ என்ற வரிக்கு, மூன்று வேலை பார்த்தால்தான் சோறு நிச்சயம் என்று ஊர்ச்சபை பொருள் சொன்னது. கிடைத்த மாலை மரியாதைக்காக அவரும் வாயைத் திறக்கவில்லை.

ஏழு மாதக் கர்ப்பிணியான மகள் செண்பகவல்லி இரண்டாவது வேலையிலேயே மயங்கி விழுந்த அன்று, சபைச் செயலாளரிடம் ஓடினார்.

“தம்பி, நான் எழுதினது ‘வேளை’. மூணு வேளைச் சோறு! அச்சுக் கோத்த மடையன் ‘லை’ போட்டுட்டான்.”

“தெரியும் ஐயா,” என்றார் செயலாளர். “முப்பது வருசமா முதுகொடிஞ்சவங்ககிட்ட இப்பப் போய் அச்சுப்பிழைன்னு சொன்னா சும்மா விடுவாங்களா? போய் உங்க மூணாவது வேலையைப் பாருங்க.”

அந்த மூன்றாவது வேலை, அதே புத்தகத்தின் புதுப் பதிப்புக்குப் பிழை திருத்துவது. அந்த வரி வந்ததும் பேனா ‘லை’யின் மேல் நின்றது. திருத்தினால் வேலையை ஏற்க மாட்டார்கள், சோறும் கிடையாது. விழுந்து கிடக்கும் மகளுக்கு இன்று அவருடைய சோறுதான்.

பக்கத்தின் ஓரத்தில் ‘பிழை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.