மகளிடமிருந்து ஓர் எண்

தூக்கத்தில் திறக்கும் பிரவுசரில், மங்கைக்குக் கனவு காட்டும் எக்ஸ்டென்ஷன் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதப்பட்டது. கணவன் எழிலனுடையது ரஸ்ட் என்ற வேறொரு கணினி மொழியில். இறந்த மகள் தினமும் மங்கையின் கனவுக்கு வருகிறாள். எழிலனின் கனவுக்கு வருவதில்லை.

இரண்டையும் இணைக்க வந்த தலைமைப் பொறியாளர், "மொழிகளுக்கே கல்யாணம் பண்ணி வைக்கிறோம் மேடம்!" என்று காபி ஆறும்வரை முழங்கினார். இப்போதைக்கு ஒரு கனவிலிருந்து மற்றதற்கு எண்கள் மட்டும்தான் கடக்கும் என்பதைச் செருப்பு மாட்டும்போது சொன்னார்.

விடிந்ததும் மங்கை எழிலனை உலுக்கினாள். "பாத்தீங்களா?"

"எங்க? முகமும் வரல, குரலும் வரல. நீலமா ஒரு வெளி. அதுல அஞ்சுன்னு ஒரு எண் மிதந்துச்சு. கல்யாணமாம், கல்யாணம்!"

"அவ வயசுங்க அது."

"ரெண்டு வயசுலதானே போனா?"

"என்கிட்ட வளர்ந்துக்கிட்டுதானே இருக்கா."

எழிலன் எழுந்து உட்கார்ந்தான்.

"இன்னிக்கு ராத்திரி அவளை நிக்கவெச்சு உயரத்தை அளந்து அனுப்பு. எண்ணுதானே, வந்துடும்."